எட்டாம் சாலை இல்லாமல் போன வரலாறு

ஏழு ஆறுகள் ஓடியும் குடிதண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிற நாடு ஒன்று இருந்தது. அதற்கு ஏழாற்று நாடு என்று பெயர். அங்கே மன்னரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குப் போட்டு ஒருவரை அரியணையில் உட்கார வைப்பார்கள். உட்கார்ந்த மறுநாளே அவர் பத்துத் தலைமுறையாக அங்கேயே உட்கார்ந்திருப்பவரைப் போல நடந்துகொள்வார். மக்கள் அதைத் தவறாக எடுத்துக்கொண்டதில்லை. அது அந்த நாற்காலியின் குணம் என்று சொல்லிக்கொள்வார்கள்.

பெருமைப்பட்டுக்கொள்ள அந்த நாட்டிடம் ஒரு பொருள் இருந்தது. அது நெடுஞ்சாலை எண்கள். முன்பு ஆண்ட மன்னர் ஒருவர், பெயர் யாருக்கும் நினைவில்லை, தலைநகரான கோநகரின் நடுவில் நின்றுகொண்டு, சூரியன் உதிக்கும் திசையில் போன சாலைக்கு ஒன்று என்று எண் கொடுத்தார். பிறகு வலப்பக்கமாகத் திரும்பி அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு மூன்று என்று ஒரு வட்டமடித்துப் பதினாறில் முடித்தார். ஐந்து என்றால் தெற்கு, ஒன்பது என்றால் மேற்கு, பதின்மூன்று என்றால் வடக்கு. எழுத்துத் தெரியாதவருக்கும் எண் தெரியும். எண் தெரிந்தவருக்குத் திசை தெரியும். உப்பு ஐந்தில் வந்தது, மிளகு ஒன்பதில் வந்தது. பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை எந்த ரோடு என்று கேட்டுவிட்டுத்தான் ஜாதகம் கேட்பார்கள்.

குடைக் கட்சியின் சார்பில் கொற்றவேலர் மன்னரான காலத்தில், ஒரு காலை வேளை அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். காயம் ஒன்றுமில்லை. இருந்தாலும் மன்னர் விழுந்தால் காரணம் இருந்தாக வேண்டும். அரண்மனை மருத்துவர் தரை ஈரமாக இருந்தது என்றார். ஈரம் எல்லா நாளும் இருக்கிறதே, இன்று மட்டும் ஏன் வழுக்கியது என்று மன்னர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் அரண்மனையின் எண்கணித மேதையான சதுரங்கனாரிடம் இருந்தது. அன்று தேதி எட்டு. அத்தோடு நிற்கவில்லை. மன்னர் மிதித்த சோப்பு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தபோது, எட்டாம் நெடுஞ்சாலை வழியாக வந்தது என்று தெரிந்தது.

"சனியின் எண், அரசே. தேதியை நாம் மாற்ற முடியாது. சாலையை மாற்றலாம்" என்றார் சதுரங்கனார்.

அன்று மாலையே சட்டம் வந்தது. எட்டு என்னும் இலக்கத்தைத் தாங்கிய எந்தச் சாலையும் இந்நாட்டில் சாலையாகாது என்பது அதன் முதல் வரி. இரண்டாம் வரி இல்லை. சட்டம் சாலையைப் பற்றி மட்டுமே பேசியது என்றாலும், விசுவாசிகள் சட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. பள்ளிக்கூடங்களில் ஏழுக்குப் பிறகு ஆசிரியர் ஒரு கணம் இருமிவிட்டு ஒன்பது என்றார். எட்டுக்கால் பூச்சிக்கு அரசிதழில் பலகால் பூச்சி என்று பெயர் வந்தது.

எட்டாம் சாலைக்கு வேறு எண் கொடுக்கும் பொறுப்பு எண்ணமைச்சர் பரிதிவாணரிடம் வந்தது. அவர் தோளில் எப்போதும் பட்டுத் துண்டும், பேச்சில் எப்போதும் செந்தமிழும் இருக்கும். பதினாறுக்கு அடுத்தது பதினேழு தானே, அதைக் கொடுத்துவிடலாம் என்று எழுதி அனுப்பினார். சதுரங்கனார் அதைத் திருப்பி அனுப்பினார். ஒன்றும் ஏழும் எட்டு. பதினெட்டில் எட்டு வெளிப்படையாகவே உட்கார்ந்திருந்தது. பத்தொன்பது கொடுக்கலாம், ஆனால் பதினேழையும் பதினெட்டையும் யார் தின்றது என்று எதிர்க்கட்சியான விசிறிக் கட்சி கேட்கும். கடைசியில் ஒரு குழு அமைத்தார்கள். குழு அறிக்கை கொடுக்கும் வரை அந்தச் சாலைக்கு எண் கிடையாது என்று முடிவாயிற்று. குழுவில் இருந்தவர்களுக்கு மாதச் சம்பளம் என்பதால் அறிக்கைக்கு அவசரம் இருக்கவில்லை.

ஏழாற்று நாட்டில் பேருந்து, தபால், ஆம்புலன்ஸ், பள்ளத்துக்கு மண், தெருவுக்கு விளக்கு எல்லாமே சாலை எண்ணைப் பார்த்துத்தான் போகும். எண் இல்லாத இடத்துக்கு எதுவும் போகாது. எட்டாம் சாலையில் ஒவ்வொன்றாக நின்றது. யாரும் வேண்டுமென்று நிறுத்தவில்லை. எங்கே அனுப்புவது என்று யாருக்கும் எழுதத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதற்குள் பட்டத்தரசிக்கு ஒரு குறை வந்தது. நாட்டுக்கே அரசியானவளின் பிறந்த வீட்டுக்குப் போகிற வழிக்கு ஓர் எண் கூட இல்லை என்று அவர் சாப்பாட்டு வேளையில் சொன்னார். அவருடைய தந்தை அம்பலத்தரசர் பெரிய தென்னந்தோப்புக்குச் சொந்தக்காரர். அரண்மனை வாசலில் தொடங்கி நகரைத் தாண்டி அந்தத் தோப்பில் முடிகிற ஒரு வண்டிப்பாதை இருந்தது. மன்னர் அதை முதலாம் நெடுஞ்சாலை என்று அறிவித்தார். பழைய ஒன்று இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று, எல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயின. ஏழு எட்டாக முடியாது என்பதால் ஒரே தாவலில் ஒன்பதாயிற்று. பதினாறு பதினேழாக முடியாது. அது பதினாறு புதிது ஆயிற்று.

அதற்குப் பிறகு அந்த நாட்டில் யாரும் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. உப்பு லாரிக்காக ஐந்தாம் சாலை முனையில் காத்திருந்த கடைக்காரர்களுக்குச் செங்கல் வந்தது. பெண்ணழைக்கப் போன ஒரு கூட்டம் வேறு ஊர்க் கல்யாணத்தில் இறங்கி, சாப்பிட்டு, மொய் எழுதி, வெற்றிலை போட்ட பிறகுதான் மணப்பெண்ணைப் பார்த்தது. கிழக்குக் கடற்கரைக்குப் போக நினைத்துப் பழக்கத்தில் முதலாம் சாலையைப் பிடித்தவர்கள் எல்லாரும் அம்பலத்தரசரின் தோப்பில் போய் நின்றார்கள். அங்கே ஒரு சுங்கச்சாவடி இருந்தது. திரும்பிப் போவதற்கும் சுங்கம் உண்டு. ஆளுக்கு ஓர் இளநீர் வாங்குவது கட்டாயம்.

குழப்பத்தின் காரணத்தைக் கண்டுபிடிக்க இன்னொரு குழு போட்டார்கள். அது நேர்மையாக உழைத்தது. புதிய எண்களில் குற்றமில்லை, மக்கள் பழைய எண்களை நினைவில் வைத்திருப்பதுதான் குற்றம் என்று கண்டறிந்தது. உடனே பழைய எண் மறப்புச் சட்டம் வந்தது. ஒவ்வொருவரும் காவல் நிலையத்துக்குப் போய், தான் மறந்துவிட்டதாகச் சத்தியம் செய்ய வேண்டும். எந்த எண்ணை மறந்தீர்கள் என்று அங்கே கேட்பார்கள். சரியாகச் சொன்னவர்கள் நினைவு வைத்திருந்த குற்றத்துக்கும், சொல்லத் தெரியாதவர்கள் பொய்ச் சத்தியத்துக்கும் அபராதம் கட்டினார்கள்.

ஆனைப்பள்ளம் என்ற ஊர் பழைய எட்டாம் சாலையில் இருந்தது. தக்காளி விளைகிற ஊர். அதன் ஊராட்சித் தலைவி உலகம்மை. நடுத்தர வயது, கணவர் இல்லை, ஒரே மகன் ராணுவத்தில். வீட்டில் அவளும் மருமகள் செண்பகவடிவும்தான். செண்பகவடிவு நிறைமாதமாக இருந்தாள். பேருந்து நின்றபோது உலகம்மை நடந்தாள். விளக்கு அணைந்தபோது அரிக்கேன் வாங்கினாள். தக்காளி எடுக்க லாரி வராமல் வயலிலேயே கனிந்து வெடித்தபோது ஊர்க்காரர்களோடு சேர்ந்து மாடுகளுக்குப் போட்டாள். மாடுகள் இரண்டு நாள் தின்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. இதெல்லாம் ஏதோ ஒரு குழு அறிக்கை கொடுத்தால் சரியாகிவிடும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

ஒரு நண்பகலில் செண்பகவடிவுக்கு வலி கண்டது. உலகம்மை ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். சாலை எண் சொல்லுங்கள் என்றாள். எட்டு என்று சொன்னால் போலீஸ் வரும், ஆம்புலன்ஸ் வராது என்று உலகம்மைக்குத் தெரியும். கொஞ்சம் யோசித்து, ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் என்றாள். அந்தப் பெண்ணும் புரிந்துகொண்டு, இதோ வருகிறது என்றாள்.

ஆம்புலன்ஸ் உண்மையிலேயே புறப்பட்டது. ஆனால் இப்போது ஏழு என்பது பழைய ஆறு, ஒன்பது என்பது பழைய ஏழு. அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஓர் ஏரி. ஆம்புலன்ஸ் ஏரிக்கரையில் நின்று நெடுநேரம் சங்கு ஊதிவிட்டு, நோயாளி யாரும் வராததால் திரும்பிப் போயிற்று.

உலகம்மையின் கொழுந்தன் மாடக்கண்ணு டிராக்டரைக் கொண்டுவந்தான். டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, மேலே தார்ப்பாய் கட்டி, செண்பகவடிவைப் படுக்கவைத்தார்கள். பள்ளம் நிரம்பிய சாலை. பாதி வழியிலேயே ஆண் குழந்தை பிறந்துவிட்டது. குழந்தை அழுதது, தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. உலகம்மை தன் சேலையைக் கிழித்துக் கிழித்து வைத்தாள். கண்ணை மூடாதே தாயி, என்னையே பாரு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கோநகர் மருத்துவமனையில் இறக்கியபோது செண்பகவடிவின் உதடு வெளுத்திருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார். ஏன் ஆம்புலன்ஸில் வரவில்லை என்று கோபித்துக்கொண்டார்.

மருமகள் தேறி உட்கார்ந்த பிறகு உலகம்மை பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனாள். எங்கே பிறந்தது என்று கேட்டார்கள். ரோட்டில் என்றாள். எந்த ரோட்டில் என்றார்கள். ஆனைப்பள்ளம் ரோட்டில் என்றாள். எண் இல்லாத சாலையில் யாரும் பிறக்க முடியாது என்று விளக்கி அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு மனு எழுதி, மாடக்கண்ணுவைக் கூட்டிக்கொண்டு நேராக எண்ணமைச்சர் அலுவலகத்துக்குப் போனாள்.

பரிதிவாணர் அவர்களை உட்காரச் சொன்னார். எந்த ஊர் என்று அன்பாக விசாரித்தார். ஆனைப்பள்ளம் என்றதும் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் சுவரில் தொங்கிய வரைபடத்தைப் பார்த்துவிட்டு, அந்த ஊருக்குச் சாலை கிடையாது என்றார்.

"சாலை இல்லாத ஊரிலிருந்து எவ்வாறு வந்தீர்கள், அம்மையே?"

"ரோட்டுலதான் ஐயா வந்தோம். டிராக்டர்ல. வண்டி வெளிய நிக்கு."

அமைச்சர் எழுந்து சன்னலருகே போய்ப் பார்த்தார். டிராக்டர் நின்றது. சக்கரம் முழுக்கச் செம்மண். தார்ப்பாயில் காய்ந்த ரத்தம். அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தார்.

"டிராக்டர் இருப்பதை அரசு மறுக்கவில்லை. அது வந்த வழியைத்தான் மறுக்கிறது."

"வழி இல்லாம வண்டி எப்படி ஐயா வரும்?"

"அதுவே எங்கள் கேள்வியும். வழி இல்லை, ஆகவே நீங்கள் வரவில்லை. வராதவர்களிடம் மனுப் பெற்றால் தணிக்கையில் என்னைக் கேட்பார்கள். என் நிலையையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்."

உலகம்மை அவருடைய நிலையை எண்ணிப் பார்த்தாள். மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. கிணற்றுக்குள் குரல் கொடுத்துவிட்டுத் தன் குரலே திரும்பி வருவதைக் கேட்பது போல இருந்தது. மருத்துவமனையிலிருந்து மருமகளையும் பேரனையும் ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில் மாடக்கண்ணு அமைச்சரைத் திட்டிக்கொண்டே வந்தான். அவள் பேரனை மடியில் வைத்துக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அறுவடை முடிந்த மாதத்தில் அரசின் வரி தண்டுகிறவர் மோட்டார் சைக்கிளில் ஊருக்கு வந்தார். ஏகாம்பரம் என்று பெயர். நல்ல மனிதர்; அதனால் ஊர்க்காரர்கள் அவரை அதிகம் ஏமாற்றுவதில்லை. உலகம்மை அவருக்கு மோர் கொடுத்து உட்காரவைத்தாள். அவர் வரி ரசீதை எடுத்துச் சாலை எண் எழுதும் இடத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினார்.

எட்டு என்று எழுதினால் அவருக்குச் சிறை. வேறு எண் எழுதினால் பொய்க் கணக்கு. எழுதாமல் விட்டால் ரசீது செல்லாது. ரசீது இல்லாமல் வாங்கினால் அது லஞ்சம். அதைவிடப் பெரிய துக்கம், வந்துபோன பெட்ரோலுக்குப் பயணப்படி கிடைக்காது. ஏனென்றால் அவர் வரவே இல்லை. ஏகாம்பரம் மோரைக் குடித்து முடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"நீங்களே சொல்லுங்க அக்கா, நான் என்ன செய்யட்டும்?"

உலகம்மைக்கு அப்போதுதான் ஏதோ பிடிபட்டது. மெதுவாகச் சொன்னாள்: "வராத ஆளு என்ன தம்பி செய்ய முடியும்? வெயில் தாழப் போங்க."

ஏகாம்பரம் போய், அப்படியோர் ஊர் காணப்படவில்லை என்று அறிக்கை கொடுத்தார். மேலிடம் அவரைப் பாராட்டியது. எட்டு ஒழிப்புச் சட்டம் கடைக்கோடி வரை நிறைவேற்றப்பட்டதற்கு அது சான்று. வரிப் பட்டியலிலிருந்து ஊர் நீக்கப்பட்டது. அதன் பிறகு சுங்கச்சாவடிக்காரர்கள், இல்லாத சாலையில் எதற்கு நிற்பது என்று சாவடியைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். குடைக் கட்சி மாநாட்டுக்கு வசூல் செய்கிறவர்களும் வரவில்லை, விசிறிக் கட்சி போராட்டத்துக்கு வசூல் செய்கிறவர்களும் வரவில்லை. தலைக்கவசத்துக்காகத் தெருமுனையில் நின்ற போலீஸ்காரர்கூடக் கும்பிட்டு விடைபெற்றார்.

கையில் தங்கிய பணத்தை என்ன செய்வது என்று ஊர் கூடிப் பேசியது. முதலில் சாலைப் பள்ளங்களை மூடினார்கள். பிறகு மாடக்கண்ணு ஒரு பழைய பேருந்தை வாங்கி ஓட்டினான். பக்கத்து ஊரிலிருந்து இளஞ்சியம் என்ற நர்ஸை அழைத்துவந்து, வீடும் சம்பளமும் கொடுத்துக் குடிவைத்தார்கள். தக்காளி வியாபாரிகள் தாங்களாகவே வந்தார்கள். அந்தச் சாலையில் வந்தால் சுங்கம் இல்லை, குலுக்கல் இல்லை, வழி தவறவும் வாய்ப்பில்லை என்று அவர்கள் போகிற இடமெல்லாம் சொன்னார்கள். செண்பகவடிவுக்கு நிறம் திரும்பியது. பேரனுக்குப் பெயர் வைக்கிற நாளில் ஊருக்கே சாப்பாடு போட்டார்கள்.

இந்தச் செய்தி அடுத்த சாலைக்குப் போயிற்று. அங்கிருந்த கரட்டுப்பாளையத்தார் கூட்டமாக வந்து உலகம்மையைப் பார்த்தார்கள். தங்கள் சாலைக்கு எண் இருக்கிறது, அது ஒன்றுதான் இருக்கிறது என்றார்கள். அதைப் போக்குவதற்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள்.

உலகம்மை தயங்கினாள். யாரையும் எதற்கும் தூண்டிவிட்டதாகப் பேர் வரக்கூடாது என்று அவளுக்கு ஆசை. நான் ஒண்ணும் சொல்லலை, சட்டத்தோட முதல் வரியைப் படிச்சுப் பாருங்க என்றாள். அதற்கு ஒரு வரிதான் என்பதால் படிப்பது கஷ்டமாக இல்லை.

சில நாள் கழித்துக் கரட்டுப்பாளையம் சாலையின் மைல்கற்களில் எல்லாம் எட்டு என்று கறுப்பு மையில் எழுதியிருந்தது. நெடுஞ்சாலை அதிகாரி வந்து பார்த்து வியர்த்துப்போனார். அழித்துவிடலாமே என்று தோன்றியது. ஆனால் எட்டின் மேல் தூரிகை வைக்கிற அரசு ஊழியர் அந்தச் சனியைத் தன்னோடு அரண்மனைக்குக் கொண்டுவருவார் என்று சதுரங்கனார் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். கோப்பு பரிதிவாணரிடம் போயிற்று. எட்டு என்னும் இலக்கத்தைத் தாங்கிய சாலை சாலையாகாது. அமைச்சர் கையெழுத்திட்டார். கரட்டுப்பாளையத்தில் அன்று வெடி வெடித்தார்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள்.

பிறகு கறுப்பு மைக்குத் தட்டுப்பாடு வந்தது. மிளகு வருகிற சாலை போயிற்று, உப்பு வருகிற சாலை போயிற்று, பதினாறு புதிது போயிற்று. கோநகர்வாசிகளும் தங்கள் தெருக்களைப் பக்கத்துச் சாலைகளோடு சேர்த்துவிட்டு ஒவ்வொரு தெருவாக இல்லாமல் போனார்கள். சாலைகள் இல்லாமல் போகப் போக, லாரிகள் போக வேண்டிய இடத்துக்குப் போயின. மக்கள் பழைய எண்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார்கள். இல்லாத ஊரில் பேசுவதைப் பிடிக்கப் போலீஸ் எப்படி வரும்?

மன்னரிடம் இதை எப்படிச் சொல்வது என்று அரண்மனையில் யோசித்தார்கள். பரிதிவாணர் சொன்னார், அவருக்கு அந்தக் கலை தெரியும். சாலைகளைப் பற்றிய புகார்கள் சென்ற ஆண்டோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இல்லை என்றார். அது பொய்யுமல்ல. புகாரில் சாலை எண் எழுத வேண்டும், எழுதச் சாலை இல்லை. மன்னர் மகிழ்ந்தார். புகாரற்ற நாடு என்று அவர் படத்தோடு பதாகைகள் அடித்தார்கள். அவற்றை வைப்பதற்கு முதலாம் நெடுஞ்சாலையின் இரு பக்கம்தான் இருந்தது. அதனால் கொஞ்சம் நெருக்கமாக வைத்தார்கள்.

கருவூலம் மட்டும் காற்றாடியது. மாமனாரின் சுங்கச்சாவடியிலிருந்து வருவதை வைத்துத்தான் அரண்மனையில் அடுப்பு எரிந்தது. அம்பலத்தரசர் முணுமுணுக்காமல் கொடுத்தார். ஆனால் கொடுக்கும்போதெல்லாம் அரண்மனையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

தேர்தல் வந்தது. வாக்குச்சாவடிகளை எண் உள்ள சாலைகளில் மட்டுமே வைக்கலாம் என்பது விதி. எண் உள்ள சாலை ஒன்றுதான். ஆகவே அரண்மனை வாசலில் ஒரு சாவடியும் தென்னந்தோப்பில் ஒரு சாவடியும் வைத்தார்கள். விசிறிக் கட்சித் தலைவர் தொண்டர்களைத் தேடிப் போனார். அவர்கள் இல்லாத ஊர்களில் சௌகரியமாக இருந்தார்கள். அவரும் நிலைமையைப் புரிந்துகொண்டு, கட்சியையும் சின்னத்தையும் தகுந்த மரியாதையோடு அம்பலத்தரசரிடம் ஒப்படைத்தார். மாமனார் மருமகனை எதிர்த்து நின்றார். தனிப்பட்ட முறையில் மருமகன் மேல் தனக்கு வருத்தமில்லை, நாட்டின் நலனுக்காகத்தான் நிற்பதாகச் சொன்னார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

கொற்றவேலர் தோப்பில் நின்று பேசினார். நாடு தன்னால் அடைந்த பெருமைகளைச் சொன்னார். மரமேறிகள் மரத்திலிருந்தபடியே கேட்டார்கள். கீழே இறங்கியதும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மன்னர் எப்படிப்பட்டவர் என்று தங்களுக்குத் தெரியாது. பண்ணையார் எப்படிப்பட்டவர் என்று நன்றாகத் தெரியும். கூலி அவர் கையில் இருந்தது. சுங்கச்சாவடிக்காரர்களுக்கும் அப்படியே. பட்டத்தரசி இரண்டு பக்கமும் யோசித்தார். மன்னர் மனைவியாக இருப்பதற்கும் மன்னர் மகளாக இருப்பதற்கும் ஒரே மாளிகைதான் என்று கண்டு, தந்தைக்கு வாக்களித்தார்.

முடிவு அறிவித்தபோது கொற்றவேலர் மறு எண்ணிக்கை கேட்டார். எண்ணினார்கள். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. பரிதிவாணர் அன்று பிற்பகல் புதிய மன்னரின் எண்ணமைச்சராகப் பதவியேற்றார். அதே துண்டுதான். சதுரங்கனார் புதிய மன்னரின் பிறந்த தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

கொற்றவேலர் பிறந்த ஊருக்குப் போக விரும்பினார். அது வடக்கே, பழைய பதின்மூன்றில் இருந்தது. அரண்மனைக் கார் தர மறுத்துவிட்டார்கள். எண் இல்லாத சாலையில் அரசு வாகனம் போகாது. ஒரு தோல்பெட்டியோடு நடந்து பேருந்து நிலையத்துக்கு வந்தார். அங்கே ஏகப்பட்ட பேருந்துகள் நின்றன. ஒன்றிலும் எண் இல்லை. ஊர்ப் பெயர்கள் மட்டும் எழுதியிருந்தன. பல ஆண்டுகளாக எண்களையே ஆண்டுவந்ததால் ஊர்கள் எந்தத் திசையில் இருக்கின்றன என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. புறப்பட இருந்த பேருந்தில் ஏறி உட்கார்ந்தார். அதை மாடக்கண்ணு ஓட்டிக்கொண்டிருந்தான்.

வண்டி நிறைந்திருந்தது. சந்தையிலிருந்து திரும்புகிறவர்கள், கூடைகள், ஒரு தையல் மெஷின், கல்யாணத்துக்குப் போகிற ஒரு குடும்பம். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தேர்தல் நடந்ததே அவர்களில் பலருக்குத் தெரியாது. பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு பெரியவர் கொஞ்ச தூரம் போன பிறகு, பேச்சுத் துணைக்காக, எந்தப் பக்கம் போறீக, என்ன தொழில் என்று விசாரித்தார்.

கொற்றவேலருக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"ராஜாவா இருந்தேன். இப்ப இல்ல."

"அப்படியா?" என்றார் பெரியவர். அவர் வியப்படையவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. காலை அகட்டிக் கூடைக்கு இடம் விட்டுக்கொண்டே கேட்டார்: "எந்த ஊருக்கு ராஜா?"

கொற்றவேலர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். பளபளவென்று ஒரு சாலை. இரு பக்கமும் தக்காளி வயல்கள். சாலையோரத்தில் யாரோ புதிதாக ஒரு சிறிய ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தாள்கள் சாந்துச் சட்டியைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கேயும் அவர் படம் இல்லை. தான் ஆண்டது எவ்வளவு என்று அவர் வாழ்க்கையில் முதன்முறையாக நேர்மையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"ஒரு தென்னந்தோப்புக்கு" என்றார்.

பெரியவர் அனுதாபத்தோடு தலையாட்டினார்.

"காய்ப்பு எப்படி?"